மேல்சட்டம் வைத்த கேட்

“பாடை போவுமா சார்?”

எங்கள் வீட்டு முன்பக்கத்துக்கு மர வேலியும், அதற்கு நடுவில் ஒரு மரக் கேட்டும் போட அளவெடுக்க வந்த தச்சர் டேப்பை விரித்ததும் என்னிடம் கேட்ட முதல் கேள்வி இது. காதில் பென்சில், கையில் என் மனைவி கொடுத்த டீ, முகத்தில் ஒரு சலனமும் இல்லை. சர்க்கரை போதுமா என்று கேட்கிற குரலில் கேட்டார்.

கேட்டுக்கு மூன்றடி அகலம் போதும் என்று நான் சொல்லியிருந்தேன். ஸ்கூட்டர் போகும். கேஸ் சிலிண்டர் போகும். ஃபிரிட்ஜ்கூடப் போகும், அளந்து பார்த்துவிட்டேன். வேறென்ன போக வேண்டும்?

“யாரு பாடை?” என்றேன். ஐம்பத்திரண்டு வயதில் இதையெல்லாம் பொது அறிவுக் கேள்வியாக எடுத்துக்கொள்ள முடிவதில்லை.

“யாருதுன்னு நான் இன்னா சார் சொல்றது? அல்லார் ஊட்லயும் கேக்கறதுதான். அப்பால நாலு பேரு தூக்கிகினு வந்து கேட்டாண்ட மாட்டிகினா, இத செஞ்சவன் எவன்டான்னு என்னத்தான் கேப்பாங்க.”

சமையலறை ஜன்னலிலிருந்து என் மனைவி, “நாலடியாவே வெச்சிருங்க,” என்றாள். ஒரு நொடி யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. நாலடி என்று முடிவாயிற்று. அன்று மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

இதை முதலில் சொல்லக் காரணம் இருக்கிறது. அந்தக் கேட்டின் வழியாக ஆளுக்கு ஒரே ஒரு தடவை போகப்போகிற சாமானுக்கு இத்தனை அக்கறையாக அளவெடுத்தோம். இந்த ஊரில் வருஷா வருஷம் வாசலைத் தாண்டிப் போகிற சாமான் ஒன்று உண்டு. அது எனக்கு ஞாபகமே வரவில்லை. பிறந்தது, வளர்ந்தது, முடி கொட்டியது எல்லாம் திருத்தணியில்தான் என்று இங்கே வெட்கத்தோடு சேர்த்துக்கொள்கிறேன்.

மனை எங்கள் அப்பாவுடையது. நீளவாக்கில் கிடக்கிற ஒற்றை மனை. முன்னால் என் வீடு, பின்னால் அக்கா வீடு. பக்கவாட்டில் ஒரு நடை. அக்கா வீட்டார் தெருவுக்கு வர அது ஒன்றுதான் வழி. இடப்பக்கமும் வலப்பக்கமும் அடுத்த வீட்டுக்காரர்களின் மதில். முன்பக்கம் மட்டும் அகலத் திறந்து கிடந்தது, மலைக்கு வருகிற சகலருக்கும்.

சகலருக்கும் என்பதை நான் உபசாரத்துக்குச் சொல்லவில்லை. போன வருஷம் ஆடிக் கிருத்திகை அன்று காலையில் பல் தேய்க்கலாமென்று கதவைத் திறந்தேன். எங்கள் வாசலில் பதினோரு பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். பன்னிரண்டாவது ஆள், மூன்று கல்லை வைத்து அடுப்பு மூட்டிப் பொங்கல் கிண்டிக்கொண்டிருந்த அம்மாள், என்னை ஏற இறங்கப் பார்த்து, “ஏமி காவாலி?” என்று கேட்டாள். என் வீட்டு வாசலில், பிரஷ்ஷும் கையுமாக நிற்கிற என்னிடம், உனக்கு என்ன வேண்டும் என்று! நான் ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன். பிறகு பொங்கல் கொடுத்தனுப்பினார்கள். உப்பு கம்மி.

அன்றைக்குத்தான் வேலி போடுவது என்று தீர்மானித்தேன். ஆனால் தினமும் அரக்கோணத்துக்கு ரயிலேறிப் போய் ஃபைல் பார்க்கிறவனுடைய தீர்மானங்கள் நடப்பதற்குப் பத்து மாதம் ஆகும். அந்தப் பத்து மாதத்தில் ரயிலில் உட்கார்ந்து செல்போனில் வேலி போடுவது சம்பந்தமாக என்னென்ன காட்சி உண்டோ அத்தனையும் பார்த்தேன். அதில் ஒரு வெள்ளைக்காரர் விசிலடித்தபடியே பதினோரு நிமிஷத்தில் கம்பம் நட்டு, கேட் மாட்டி, மேலே குறுக்காக ஒரு சட்டம் போட்டு, அதில் கொடியும் ஏற்றிவிட்டார், கொடியில் பூவும் பூத்துவிட்டது. அவருக்கு முடிந்தது எனக்கு முடியாதா என்ற கேள்விக்கு என் குடும்பத்தில் எல்லோருக்கும் பதில் தெரியும். யாரும் சொல்லவில்லை.

இதற்கு நடுவில், தை மாதத்தில், பாவா தறிக்குப் பக்கத்தில் விழுந்துவிட்டார்.

பாவா என்றால் அக்காவின் கணவர். பின் வீட்டில் இரண்டு பவர்லூம் வைத்து ஓட்டுகிறவர். முப்பது வருஷமாக அந்தச் சத்தத்தோடுதான் எங்களுக்குப் பொழுது விடிந்து பொழுது போகிறது. சத்தம் இருக்கும்போது காதில் விழாது. அன்று காலையில் நின்றது. நின்றதும்தான் எல்லோரும் ஓடினோம். நெஞ்சு வலி. சென்னைக்குக் கொண்டுபோய், இரண்டு ஸ்டென்ட் வைத்து, பதினைந்து நாள் கழித்துத் திரும்பினார். ஆஸ்பத்திரி நடையில் என் அக்கா, கண்ணாடிக் கதவைப் பார்த்தபடி, எங்களிடம் சொல்லாமல் மலையில் இருக்கிறவனிடம் சொன்னாள்: “இவரு எழுந்து வந்தாருன்னா ஆடிக் கிருத்திகைக்கு இவரே காவடி எடுப்பாரு. ஊட்லேந்து, நடந்தே.”

எங்கள் குடும்பத்துக் காவடிக்கு ஒரு முறை உண்டு. வீட்டு வாசலில் தோளில் ஏறினால் மலையில் சன்னதி முன்னால்தான் இறங்கும். தோள் மாற்றிக்கொள்ளலாம், நிற்கலாம், மூச்சு வாங்க உட்காரக்கூடச் செய்யலாம். ஆனால் கையில் இறக்கக் கூடாது, இன்னொருவரிடம் கொடுக்கக் கூடாது, சொம்பில் இருக்கிற பால் சிந்தக் கூடாது. நடுவழியில் இறங்கினால் வேண்டுதல் சேராது. இது என் அக்காவின் நம்பிக்கை இல்லை, அவளுக்கு இது வீட்டு முகவரி மாதிரி ஒரு தகவல். காவடி இறங்கினால் பாவாவும் இறங்கிவிடுவார் என்று அவள் ஒரு தரம்கூட வாயால் சொன்னதில்லை. சொல்லாததனால் எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

டாக்டர் மெதுவாகப் படியேறலாம் என்றார். எடை ஐந்து கிலோ தாண்டக் கூடாது, மூச்சு முட்டினால் அந்த இடத்திலேயே நிறுத்திவிட வேண்டும் என்றார். அதற்குத் தகுந்தாற்போல் பிரம்பு வளைவு வைத்து லேசாக ஒரு காவடி செய்யச் சொல்லியாயிற்று. அக்கா ஆடிக்கு நாள் எண்ணிக்கொண்டிருந்தாள். நான் வேலிக்கு மரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கேட்டுக்கு மேலே சட்டம் வைக்க வேண்டும் என்று சொன்னபோது தச்சர் டேப்பைச் சுருட்டிவிட்டார்.

“எதுக்கு சார்? இது இன்னா கோயிலா?”

“கொடி ஏத்தப்போறேன். சங்குப்பூ.”

“கொடிக்கு ஒரு கம்பி கட்டினா போதும். நம்ம தெருவுல கேட்டுக்கு மேல சட்டம் வைக்க மாட்டாங்க சார்.”

“ஏன்?”

“வைக்க மாட்டாங்க.”

“அதான் ஏன்னு கேக்கறேன்.”

“இன்னா சார் நீங்க, வைக்க மாட்டாங்கன்னா வைக்க மாட்டாங்க. நானு கண்டிகைலேந்து இருபது வருசமா இங்க வந்துகினு இருக்கறேன், ஒருத்தரும் வெச்சது இல்ல.”

வீட்டில் இரண்டு அலமாரி நிறையப் புத்தகம் வைத்திருக்கிறவன் நான். காரணம் சொல்லத் தெரியாத பழக்கத்துக்கு என்ன பெயர் என்று எந்த அலமாரியில் எந்த வரிசையில் போட்டிருக்கிறது என்பது எனக்குத் தெரியும். மூடநம்பிக்கை என்று மனசுக்குள் ஒரு சீட்டு எழுதி ஒட்டிவிட்டு, வெளியே பெருந்தன்மையாகச் சிரித்தேன். “நீங்க வைங்க, நான் பாத்துக்கறேன்,” என்றேன். பார்த்துக்கொண்டேன், பிற்பாடு.

ஆனி மாதம் ஒரு சனிக்கிழமை கம்பங்கள் வந்தன. கேட்டுக்கு இரண்டு பெரிய கருவேலங் கம்பங்கள், எட்டடி உயரம். கீழே இரண்டடிக்குக் கறுகறுவென்று தார் பூசியிருந்தது.

“தாரு பூசின வரைக்கும் மண்ணுக்குள்ள போவணும் சார். அப்பத்தான் கரையான் அண்டாது, கம்பமும் ஆடாது. ரெண்டடி. கொறச்சிடாதீங்க. நாளிக்கு நீங்க குழி மட்டும் எடுத்து வைங்க, திங்கக்கெழம நான் வந்து நட்டு, சட்டம் மாட்டிடறேன்.”

“நடறது நானே நட்டுடறேன்,” என்றேன். பதினோரு நிமிஷ வேலைக்கு இன்னொருவரை எதற்குக் காத்திருப்பது?

ஞாயிற்றுக்கிழமை காலையில் பாவா வீட்டுக் கடப்பாரையோடு ஆரம்பித்தேன். என் மனைவி மணவூரில் ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தாள். பாவா பிளாஸ்டிக் நாற்காலி போட்டு எதிரில் உட்கார்ந்துகொண்டார். அவர் எதையும் தூக்கக் கூடாது. வாய்க்கு டாக்டர் தடை ஒன்றும் சொல்லவில்லை.

“மச்சான், கடப்பாரைய பேனா மாதிரி புடிக்காத.”

“சரி பாவா.”

“மண்ணுகிட்ட பர்மிசன் கேட்டுகினு இருக்கியா? குத்துப்பா.”

நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. பின்னாலிருந்து அக்கா எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். பத்து மணிக்கு மாத்திரை சாப்பிட்டுவிட்டுப் படுக்க அவரும் எழுந்து போனார். அதற்குச் சரியாக இரண்டு நிமிஷம் கழித்துக் கடப்பாரை ‘டங்’ என்றது.

கை முட்டி வரைக்கும் அதிர்ந்தது. இன்னொரு தரம் குத்தினேன். பொறி பறந்தது. ஒரு அடிக்குக் கீழே பாறை. நாலடி தள்ளி அடுத்த குழி. அங்கேயும் சொல்லி வைத்தாற்போல் ஒரு அடியில் ‘டங்’. நிமிர்ந்து பார்த்தேன். தெருமுனைக்கு மேலே மலை நின்றுகொண்டிருந்தது. மலை எங்கே ஆரம்பிக்கிறது என்று நாம் நினைக்கிறோமோ அங்கே அது ஆரம்பிப்பதில்லை. அது என் வாசல் வரைக்கும் கால் நீட்டிப் படுத்திருந்தது. இத்தனை வருஷம் அதன் கட்டைவிரல் மேல் நின்று பல் தேய்த்திருக்கிறேன்.

இந்த இடத்தில் ஒரு நேர்மையான மனிதன் தச்சருக்கு போன் செய்வான். தச்சர் பாறை உடைக்க ஆள் கொண்டு வருவார். பாவா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு மூன்று நாள் பேசுவார். நான் செய்யவில்லை. ஒரு அடிக் குழியிலேயே கம்பத்தை இறக்கிப் பார்த்தேன். அங்கேதான் அடுத்த சிக்கல். தார் பூசியது இரண்டடி. மண்ணுக்குள் போனது ஒரு அடி. மீதி ஒரு அடி தார், கறுப்பு சாக்ஸ் போட்ட மாதிரி வெளியே தெரிந்தது. தெருவில் போகிற யாரும் ஒரு பார்வையில் சொல்லிவிடுவார்கள், இந்த ஆள் எவ்வளவு ஆழம் தோண்டினான் என்று.

ரம்பம் எடுத்தேன்.

என் வாழ்க்கையில் நான் முழு மனதோடு, இடையில் நிறுத்தாமல், வியர்க்க வியர்க்கச் செய்து முடித்த மர வேலை அது ஒன்றுதான். இரண்டு கம்பங்களிலும் அடியில் ஒரு அடி அறுத்தேன். இப்போது தார் மண்ணோடு மண்ணாக மறைந்தது. குழியில் செங்கல் துண்டு, ஜல்லி, மண் போட்டு மிதித்து, மேலே பார்வைக்கு ஒரு சட்டி சிமெண்ட் பூசினேன். கம்பம் தரைக்கு மேலே ஆறடி நின்றது, தச்சர் சொன்ன அதே ஆறடி. அறுத்த இரண்டு கட்டைகளையும் பின்னால் துணி துவைக்கிற கல்லுக்கு அந்தப் பக்கம் வீசினேன். எல்லாம் பதினோரு நிமிஷத்தில் முடியவில்லை, அவ்வளவுதான்.

திங்கட்கிழமை தச்சர் வந்தார். “ரெண்டடி போச்சா?”

“போச்சு.”

“பாறை ஒண்ணும் வர்லியே?”

“பாறையா? இங்கயா?”

அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு சட்டத்தைத் தூக்கி வைத்து போல்ட் முடுக்க ஆரம்பித்தார். அந்த ஒரு கணத்தை இப்போது நினைத்தாலும் காது சூடாகிறது. இரண்டு பக்கமும் சவுக்கு வேலி அடித்து, மத்தியானத்துக்குள் கேட்டையும் மாட்டிவிட்டார்.

கேட் அழகாகத்தான் இருந்தது. முதல் நாளே மேல்சட்டத்தில் மூன்று குரங்குகள் உட்கார்ந்து திறந்து வைத்தன. அக்கா வந்து பார்த்தாள். “இன்னா நைனா, ஜெயிலா?” என்றாள். நைனா என்று அவள் என்னைக் கூப்பிடுவது கொஞ்சலாகவோ கிண்டலாகவோ இருக்கும், எது என்று முகத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். அன்று அவள் முகம் தெரியவில்லை, கீழே கம்பத்தின் அடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சட்டத்தைத் தட்டிக் காட்டி, “யானை வந்து மோதினாலும் அசையாது. ரெண்டடி உள்ள இருக்குது,” என்றேன். பாவா சிரித்தார். அந்த மாதம் முழுவதும், பார்க்க வந்தவர்களிடமெல்லாம் யானையைக் கொண்டுவந்து அந்தக் கேட்டில் மோதவிட்டேன்.

ஆடிக் கிருத்திகை காலை. தெரு மஞ்சளாக ஓடிக்கொண்டிருந்தது. மூன்று மாநிலத்து அரோகராவும் ஒன்றாகக் கலந்து வந்துகொண்டிருந்தது. எங்கள் வாசலில் ஒருவரும் படுக்கவில்லை. நான் கேட்டுக்கு இந்தப் பக்கம் நின்று, அந்தப் பக்கத்துக் கூட்டத்தை ஒரு சின்ன ஜமீன்தார் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தேன்.

பின்னால் அக்கா வீட்டு வாசலில் பூஜை முடிந்தது. மஞ்சள் வேட்டி, வெற்று மார்பு, கழுத்தில் மாலை. பாவா மெலிந்திருந்தார். பம்பைக்காரர்கள் இரண்டு பேர் அடிக்க ஆரம்பித்தார்கள். காவடி தோளில் ஏறியது. பிரம்பு வளைவு நிறையச் சாமந்தியும் மயிலிறகும், இரண்டு முனையிலும் பால் சொம்பு. அக்கா கையில் கற்பூரத் தட்டோடு முன்னால் வந்தாள். நடையில் நடந்து வந்தார்கள். நான் போய்க் கேட்டை அகலத் திறந்து, பக்கத்தில் நின்று, கையைக்கூட நீட்டினேன், வாருங்கள் என்பது போல.

அக்கா தாண்டினாள். முதல் பம்பைக்காரர் தாண்டினார். பாவா ஒரு காலை எடுத்து வைத்தார். மயிலிறகு மேல்சட்டத்தில் உரசியது. நின்றார்.

நான் மேலே பார்த்தேன்.

அந்தப் பார்வையை எப்படிச் சொல்வது? கண் முன்னால் இருப்பதைத்தான் பார்க்கிறேன். சட்டம் ஆறடியில் இருக்கிறது. வளைவு அதற்கு மேலே எட்டு அங்குலம் நிற்கிறது. காவடியை வீட்டுக்குள் கட்ட மாட்டார்கள், நிலைப்படியில் இடிக்கும் என்று வாசலில்தான் கட்டுவார்கள். இது எனக்கு ஐந்து வயதிலிருந்து தெரியும். தெரிந்த நான்தான், மேலே வானத்தைத் தவிர ஒன்றும் இல்லாமல் இருந்த இடத்தில், செலவு செய்து ஒரு நிலைப்படியைக் கட்டி வைத்திருக்கிறேன். வாய் திறந்தபடி இருந்தது. அரோகரா என்று வந்திருக்க வேண்டும். காற்று மட்டும் வந்தது.

“குனிஞ்சி வந்துடறேன்,” என்றார் பாவா. முட்டியை மடக்கினார். நாலு அங்குலம் இறங்கியது. சொம்பு இரண்டும் ஆட, ஒன்றின் விளிம்பு வரைக்கும் பால் ஏறி வந்து திரும்பியது. அவர் மூச்சு சத்தமாகக் கேட்டது. பம்பை நின்றுவிட்டதால் அதுதான் கேட்டது.

“வேணாம்! நிமிருங்க, நிமிருங்க,” என்றாள் அக்கா.

நிமிர்ந்தார். நெற்றியில் வியர்வை. காலை ஏழு மணி, வெயிலே வரவில்லை.

“உக்காந்துகினே நவுந்து வந்தா?” என்றார் பின்னாலிருந்த பம்பைக்காரர். அக்கா திரும்பிப் பார்த்த பார்வையில் அவர் பம்பையைச் சரிசெய்யக் குனிந்துகொண்டார்.

“போல்ட்ட கழட்டுங்க,” என்றாள் என் மனைவி.

“ஸ்பேனர் தச்சர்கிட்ட இருக்குது.”

“அறுத்துடுங்க.”

கருவேலங்கட்டை. ஒரு அடி அறுக்க எனக்கு எவ்வளவு நேரமாயிற்று என்று எனக்கு மட்டும் தெரியும். வேலியைப் பிரிக்கலாமென்றால் நாலு அங்குல ஆணி, எண்ணிக்கையில்லாமல். பாவா இடது தோளுக்கு மாற்றிக்கொண்டார். ஐந்து கிலோதான். நடக்கும்போது ஐந்து கிலோ ஐந்து கிலோவாக இருக்கும். நின்ற இடத்தில் அப்படி இல்லை என்பதை அவர் கழுத்து நரம்பு சொன்னது. தெருவில் போகிறவர்கள் நின்று பார்க்க ஆரம்பித்தார்கள். ஒரு கிழவர் மேலே கை காட்டி, “ஏன்டிதி, பைன கட்டெ?” என்றார். மேலே என்ன கட்டை இது? தச்சருக்குச் சொல்லத் தெரியாத காரணம் என்னவென்று, எந்த ஊரிலிருந்தோ வந்தவர் ஒரு விரலால் காட்டிவிட்டார்.

அக்கா பாவாவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை. அந்த முகத்தை நான் ஆஸ்பத்திரி நடையில் பார்த்திருக்கிறேன். கண்ணாடிக் கதவுக்குப் பதிலாக இப்போது நான் இருந்தேன்.

“புடுங்கிடலாம்,” என்றேன்.

“இன்னாது?”

“கம்பத்த. புடுங்கிடலாம்.”

“ரெண்டடி உள்ள கீதுன்னு சொன்னியே மச்சான்,” என்றார் பாவா, மூச்சு வாங்கிக்கொண்டு. “யானை...”

“ஒரு அடிதான் பாவா. பாறை வந்துடுச்சி. அடிய அறுத்துட்டேன்.”

தெருவில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று நான் எண்ணவில்லை. எல்லோருக்கும் கேட்டது. பம்பைக்காரர்கள் அதற்குள் பம்பையைக் கழற்றி வைத்துவிட்டு ஆளுக்கொரு கம்பத்துக்கு வந்துவிட்டார்கள். இரண்டு பக்கமும் காலால் ஒரு உதை விட்டதில் வேலியைக் கம்பத்தோடு பிடித்திருந்த ஆணிகள் மட்டும் பிய்ந்து வந்தன. நான் ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம். நடுவில், கற்பூரத் தட்டைக் கீழே வைத்துவிட்டு, அக்கா. “டேய், தூக்கு!” என்றாள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு அன்றைய தினத்தின் பெரிய அதிர்ச்சி. முக்கி முனகத் தயாராக மூச்சை இழுத்தேன். அந்த மூச்சை விடவே நேரமில்லை. என் சிமெண்ட் பூச்சு அப்பளம் மாதிரி விரிந்தது. இரண்டு கம்பம், மேல்சட்டம், திறந்த கேட் எல்லாமாகச் சேர்ந்து, சுவரிலிருந்து கழற்றிய போட்டோ பிரேம் போல மேலே வந்துவிட்டது. பல் பிடுங்கக்கூட இன்னும் கொஞ்சம் சிரமப்பட வேண்டும். ஒரு மாதமாக யானைகளை நிறுத்தி வைத்திருந்தது இதுதான். ஐந்து பேரும் அதைத் தலைக்கு மேலே உயர்த்திப் பிடித்தோம். பாவா அதற்கு அடியில் நடந்து தெருவுக்குப் போனார். ஒரு சொட்டுப் பால் சிந்தவில்லை. கிழவர் அரோகரா என்றார். தெருவே சொன்னது. கேட்டைக் கையில் வைத்துக்கொண்டு நானும் சொன்னேன்.

காவடிக்குப் பின்னால் நடந்துகொண்டே தெருவைப் பார்த்தேன். இரண்டு பக்கமும் எத்தனை கேட்டுகள்! இரும்பு, தகரம், மூங்கில், விலையுயர்ந்த கிரில். ஒன்றுக்கும் மேலே சட்டம் இல்லை. ஒன்றுக்கும்! எல்லாம் வானம் வரைக்கும் திறந்திருந்தன. ஐம்பத்திரண்டு வருஷமாக இந்தத் தெருவில் குனிந்தே நடந்திருக்கிறேன் போலிருக்கிறது. வெறும் கணக்காகப் பார்த்தாலும், அந்த ஒரு அடியை அறுக்காமல் விட்டிருந்தால் சட்டம் ஏழடியில் நின்றிருக்கும், காவடி உரசாமல் போயிருக்கும். இந்தக் கணக்கு எனக்கு நூற்றுச்சொச்சம் படி ஏறிய பிறகு உதித்தது. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். மூச்சு வாங்குகிறது என்று அக்கா நினைத்து, தண்ணீர் கொடுத்தாள்.

பாவா உட்காரவே இல்லை. நின்று நின்று ஏறினார். சன்னதி முன்னால் காவடி இறங்கியது.

மத்தியானம் மூன்று மணிக்கு அக்கா வீட்டில் எல்லோரும் சாப்பிட்டு முடித்தோம். பாவா அடுப்பங்கரை ஓரம் ஒரு கட்டைமேல் உட்கார்ந்து, மோர் குடித்துக்கொண்டிருந்தார். நான் கட்டையைப் பார்த்தேன். ஒரு அடி உயரம். கறுப்பு. அதற்குப் பக்கத்தில் அதேபோல இன்னொரு கட்டை, அதன்மேல் தண்ணீர்க் குடம்.

“இது எப்ப எடுத்தக்கா?”

“எது? அதுவா? நீ நட்ட அன்னிக்கே சாயங்காலம். துணி தோய்க்கப் போனேன், கெடந்துச்சி.”

“அப்ப உனக்குத் தெரியும்.”

“தாரு பூசின கட்ட வானத்துலேந்தா உழும்?” குடத்தை நகர்த்தி வைத்தாள். “தெரியும்.”

“ஏன் சொல்லல?”

“இன்னான்னு சொல்றது? நீ ரெண்டடி, யானைன்னு சொல்லிகினு இருந்த. ஆஸ்பத்திரிலேந்து வந்த மனுசன் உன் கேட்ட பாத்துத்தான் சிரிச்சிகினு இருந்தாரு. சிரிக்கட்டும்னு உட்டுட்டேன்.”

பாவா கையை ஊன்றி எழுந்தார். மஞ்சள் வேட்டியின் பின்பக்கம் ஒரு பெரிய வட்டம், கன்னங்கரேலென்று. என் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது.

மறுநாள் காலை தச்சர் வந்து, மதிலோரம் சாய்ந்திருந்த கேட்டையும் இரண்டு குழிகளையும் பார்த்தார். உட்கார்ந்து, குழிக்குள் கையை விட்டுப் பாறையைத் தொட்டுப் பார்த்தார். “சட்டம் வேணுமா சார்?”

“வேணாம்.”

பின்னால் தறி ஓடிக்கொண்டிருந்தது. பாதி நேரம்தான் ஓட்டலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அது நின்றது. பாவா தலையை நீட்டினார்.

“மச்சான், எத்தினி அடி போவுது?”

“ஒரு அடி பாவா!” என்று கத்தினேன், தெருவுக்கே கேட்கும்படி. “ஒரே அடி!”

தறி மறுபடி ஓட ஆரம்பித்தது.